பின்கட்டுக்கு மட்டும் வைஃபை ஏன் வருவதில்லை?

திருவண்ணாமலை மாட வீதியில் ஒரு பழைய வீடு என்று வைத்துக்கொள்வோம். ரவுட்டர் இருக்கும் முன்னறையில் கணினி பறக்கிறது. பின்கட்டில் மடிக்கணினி தவிக்கிறது. ஏன்?

வைஃபை ஒரு ரேடியோ அலை. தடித்த சுவர் அதன் வலுவை உறிஞ்சிக்கொள்ளும். இரும்பு பீரோ அதைத் திருப்பி அடிக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 செ.மீ.; அது சுவரை ஓரளவு தாண்டும். 5 கிகாஹெர்ட்ஸில் வேகம் அதிகம்; ஆனால் சுவரில் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

எப்படிச் சரிசெய்வது? கார்த்திகை தீபத்தைப் பாருங்கள். 2,668 அடி மலையுச்சியில் ஏற்றுவதால்தான் சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் தெரிகிறது. ரவுட்டரையும் வீட்டின் நடுவே, உயரத்தில் வையுங்கள். அக்கம்பக்கத்து வைஃபை குறுக்கிட்டால், 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத 1, 6, 11 சேனல்களில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். ஒரே சேனலில் உள்ள கணினிகள் முறைவைத்துத்தான் பேசும். எனவே நகராத மேசைக் கணினிக்கு கேபிள் போட்டால் மற்றவற்றுக்கு வழி கிடைக்கும்.

அப்படியும் எட்டவில்லையா? பின்கட்டுவரை கேபிள் இழுத்து, அங்கே வைஃபை பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் கருவி ஒன்றைப் பொருத்துங்கள். மலையில் மகாதீபம் எரிந்தாலும், வாசலில் அகல் ஏற்றுகிறோமே!