நெய்யாடுபாக்கத்துத் துரைசாமியின் மகன்

மாட்டுப் பொங்கலன்று காஞ்சிபுரம் வரதர் பழையசீவரம் வருவார். பார்வேட்டை உற்சவம். இருபது கிலோமீட்டருக்கு மேல் பயணம், வழியெல்லாம் ஊர் ஊராக மண்டகப்படி. பழையசீவரம் மலையேறி இறங்கி, லட்சுமி நரசிம்மரையும் உடன் அழைத்துக்கொண்டு ஆற்றைக் கடந்து திருமுக்கூடல் போவார். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் அது. பெருமாள் வருஷத்துக்கு ஒருமுறை வருகிற இந்த வழியில், எதிர்த்திசையில் போனவர்கள் பையன்கள். நூறு வருஷத்துக்கு முன் இந்த ஆற்றோரத்தில் ஒருவன் உயர்நிலைப் பள்ளியைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் காஞ்சிபுரமோ செங்கல்பட்டோ போயாக வேண்டும்.

அப்படிப் போனவர்களில் ஒருவர், இதே வட்டாரத்து நெய்யாடுபாக்கத்தில் 1912 அக்டோபர் 12 அன்று பிறந்த சுந்தரவடிவேலு. அப்பா பெயர் துரைசாமி. ஊரும் அப்பாவும் முன்னெழுத்தாகச் சேர்ந்து நெ. து. சு. ஆனார். பயிர்த்தொழில் சார்ந்த குடும்பம். கிராமத்தில் எழுத்தறிவித்தபின் பிள்ளையை வெளியூர் அனுப்பிப் படிக்கவைக்கும் அளவுக்கு வசதியும் மனசும் இருந்தது. அக்கம்பக்கத்தில் வசதி இல்லாதவர்களே அதிகம். காஞ்சிபுரத்தில் உயர்நிலைக் கல்வி, சென்னையில் மாநிலக் கல்லூரி என்று அவர் நகர்ந்தபோது, உடன் விளையாடியவர்கள் ஏர் பிடித்துக்கொண்டோ மாடு மேய்த்துக்கொண்டோ நின்றுவிட்டார்கள்.

திருமுக்கூடல் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டு. பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை பற்றிச் சொல்வதால் மருத்துவர்கள் அதைக் கொண்டாடுவார்கள். அதே கல்வெட்டு ஒரு பள்ளியையும் மாணவர் விடுதியையும் பேசுகிறது. பிள்ளைகளுக்குச் சாப்பாடு, சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் வரை நிபந்தம் எழுதிவைத்திருக்கிறார்கள். சோறு போட்டுப் பாடம் சொல்வது இந்த ஆற்றங்கரைக்குப் புதிதல்ல. ஆனால் அது வேதம் ஓதுகிறவர்களுக்கான பள்ளி. ஆடு மேய்க்கிறவன் பிள்ளைக்கு அங்கே இலை போட்டிருக்க மாட்டார்கள்.

நெ. து. சு. கல்வித்துறையில் பள்ளி ஆய்வாளராக ஊர் ஊராகச் சுற்றினார். 1940இல் அவர் செய்துகொண்ட கல்யாணம் சாதி பார்க்காத கல்யாணம். மணமகள் காந்தம்மா, சுயமரியாதை இயக்கத்தின் குஞ்சிதம் குருசாமியின் தங்கை. அக்காவுக்கும் ‘குத்தூசி’ குருசாமிக்கும் 1929இல் பெரியார் முன்னிலையில் நடந்த திருமணம் அந்நாளில் பெரிய பேச்சு. அரசு ஊழியர் ஒருவர் அந்தக் குடும்பத்தில் பெண் எடுப்பது லேசுப்பட்ட காரியமல்ல. எடுத்தார், வேலையையும் கெடுத்துக்கொள்ளவில்லை. அவர்களுடைய மகன் வள்ளுவன் இளம் வயதிலேயே இறந்துபோனான்.

1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சர் ஆனார். அதற்கு முந்தைய வருஷம் ராஜாஜி கொண்டுவந்த, பாதி நேரம் மட்டும் பள்ளி என்ற திட்டம் ‘குலக்கல்வி’ என்று பேர் வாங்கி மாநிலத்தையே கொதிக்கவைத்திருந்தது. புதிய அரசு அதைக் கைவிட்டது. அந்த ஆண்டே நெ. து. சு. பொதுக்கல்வி இயக்குநர் ஆனார். துறைத் தலைவர் நாற்காலிக்கு அது இளம் வயதுதான்.

காமராஜர் காலத்துப் பள்ளி மதிய உணவு என்றதும் நம்மவர்கள் ஒரு கதை சொல்வார்கள்: ரயில்வே கேட்டில் காமராஜர் கார் நிற்கிறது, ஆடு மேய்க்கும் பையனிடம் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று கேட்கிறார், ‘சோறு நீயா போடுவே?’ என்கிறான் அவன். நல்ல கதை. ஆனால் கதைக்கு அப்புறம் கோப்பு ஒன்று நகர வேண்டியிருந்ததே, அதை யாரும் சொல்வதில்லை. சென்னை மாநகராட்சி 1920களிலேயே ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தந்திருக்கிறது, அது பட்டணம். ஆயிரக்கணக்கான கிராமப் பள்ளிகளில் தினம் சோறு பொங்கப் பணத்துக்கு எங்கே போவது? தொடக்கத்தில் ஊராரிடமே கேட்டார்கள். நெல்லும் அரிசியும் காசுமாக வந்தது. பிறகு அரசு பங்கு போட்டது. ஒரு பிள்ளையின் ஒரு வேளைச் சாப்பாடு பத்து நயா பைசா. அதில் ஆறு அரசு, நாலு ஊர்.

இந்த ‘நாலு காசு’ உத்தியில்தான் நெ. து. சு.வின் கிராமத்து மூளை தெரிகிறது. அரசே மொத்தமும் கொடுத்தால் அது அரசாங்கப் பள்ளிக்கூடம். நாலு காசு போட்டவனுக்கு அது நம்ம பள்ளிக்கூடம். 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளுக்கும் இதுவே அடிப்படை. ஒவ்வொரு வட்டாரத்திலும் பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போடுவார்கள். பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், தண்ணீர்ப் பானை, சாப்பாட்டுத் தட்டு, முடிந்தவர் கட்டடம். மாநாட்டு மேடையில் கொடுப்பவர் பெயரை வாசிப்பார்கள். தன் பெயர் ஒலிபெருக்கியில் வருகிறது என்றால் கடன் வாங்கியாவது பெஞ்சு வாங்கித் தருகிறவர்கள் நம் ஊரில் உண்டு. அதை அதிகாரி ஒருவர் கல்விக்குத் திருப்பிவிட்டார்.

ஒரு மைலுக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலை, ஐந்து மைலுக்குள் உயர்நிலை என்பது அக்காலத்துக் கணக்கு. பிள்ளைகளின் கால்களால் போட்ட கணக்கு.

அதிகம் பேசப்படாத இன்னொன்று வாத்தியார்களைப் பற்றியது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் வேலை பார்த்தவர்களுக்கு அதுவரை ஓய்வூதியம் கிடையாது. முப்பது வருஷம் அ, ஆ சொல்லிக்கொடுத்துவிட்டு, வந்த சேமநலப் பணத்தைப் பெண் கல்யாணத்துக்குக் கொடுத்துவிட்டு, மகன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார்கள். 1955இல் ஓய்வூதியம், சேமநல நிதி, காப்பீடு மூன்றையும் சேர்த்து அவர்களுக்கென ஒரு திட்டம் வந்தது. இன்றைக்குப் பழையசீவரத்திலோ வாலாஜாபாத்திலோ தாத்தாவின் ‘பென்ஷன்’ பணத்தில் காலேஜ் ஃபீஸ் கட்டின வீடுகளில் விசாரித்தால், அதன் வேர் அங்கேதான் போகும். மதிய உணவுக்குக் கிடைத்த புகழில் கால்வாசியாவது இதற்குக் கிடைத்திருக்க வேண்டும்.

1961இல் பத்மஸ்ரீ. பின்னால் டில்லியில் மத்தியக் கல்வி அமைச்சகத்தில் சில காலம். 1969இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அந்த நாற்காலியில் அவருக்கு முன் இருந்தவர் ஆ. லட்சுமணசாமி முதலியார், இருபத்தேழு வருஷம் இருந்தவர். அப்படிப்பட்டவருக்கு அடுத்து வருவது சங்கடமான காரியம். நெ. து. சு. 1975 வரை இருந்துவிட்டு இறங்கினார்.

ஓய்வுக்குப் பின் பேனா ஓயவில்லை. சோவியத் பயண நூல்கள், பெரியார் பற்றிய நூல்கள், பிள்ளைகளுக்குச் சில. எல்லாவற்றிலும் பெரியது மூன்று பாகமாக வந்த தன்வரலாறு, ‘நினைவு அலைகள்’. பொறுமை கேட்கும் புத்தகம். பெயர்களும் பதவிகளும் வரிசையாக வரும்போது அரசுக் கோப்பு வாசனை அடிக்கும். கிராமத்துப் பகுதிகளை மட்டும் தேடிப் படிக்கிறவர்களும் ஏமாற மாட்டார்கள். 1993இல் அவர் காலமானார். அவருடைய நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டதால், முதல் பாகத்தைக் கைப்பேசியிலேயே இலவசமாக எடுத்துப் படிக்கலாம்.

(தொடரும்)