ஏக்கரா, ஏரா? அடியா, மீட்டரா?

திருக்கோவிலூரை அடுத்த கிராமம் ஒன்றிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவர், ஒருநாள் வகுப்பு முடிந்ததும் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். அது அவர்கள் குடும்ப நிலத்தின் பட்டா.

"சார், எங்க நிலம் ஒரு ஏக்கர்னு அப்பா சொல்றார். இதுல 0.40.50னு இருக்கு. பாதிக்கு மேல போயிடுச்சா சார்?"

அவர் முகத்தில் கவலை தெரிந்தது. எனக்குச் சிரிக்க மனம் வரவில்லை.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்னும் அலகுகளில் எழுதப்படுகிறது. இந்த ஏர் உழும் ஏர் அன்று. பக்கத்துக்கு 10 மீட்டர் கொண்ட சதுரம், அதாவது 100 சதுர மீட்டர். நூறு ஏர் சேர்ந்தால் ஒரு ஹெக்டேர். ஆகவே 0.40.50 என்பது 0 ஹெக்டேர், 40 ஏர், 50 சதுர மீட்டர். மொத்தம் 4,050 சதுர மீட்டர். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். நிலம் எங்கும் போய்விடவில்லை.

ஊரார் பேசும் அலகு ஒன்று, தாளில் உள்ள அலகு வேறொன்று. கவலை பிறந்த இடம் அதுதான்.

இது புதிய தொல்லை அன்று. திருக்கோவிலூரின் பெரிய கோயிலில் உறைபவர் உலகளந்த பெருமாள். காலடியால் உலகை அளந்தவர். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் முதலாம் இராசராச சோழன் நாட்டு நிலங்களை அளக்கச் செய்தபோது, 16 சாண் நீளமுள்ள அளவுகோலுக்கு 'உலகளந்த கோல்' என்றே பெயர் வழங்கியது. 12 சாண் கோலும் 18 சாண் கோலும் கூட வேறு வேறு இடங்களில் இருந்தன. 'ஒரு கோல்' என்றால் எந்தக் கோல் என்று கேட்டாக வேண்டும்! பிற்காலத்தில் எடையிலும் இதே கதை. சென்னை மணங்கு சுமார் 11 கிலோ. வடக்கே ஒரு மணங்கு சுமார் 37 கிலோ.

1956-ல் எடை, அளவுகளுக்கான சட்டம் இயற்றப்பட்டது. 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் முறை படிப்படியாகக் கடைத்தெருவுக்கு வந்தது. வீசையும் பலமும் மறைந்தன. ஆனால் அடி மறையவில்லை. துணியை மீட்டரில் வாங்குகிறோம். அதை உடுத்தும் ஆளின் உயரத்தை அடியில் சொல்கிறோம். வெயிலுக்கு செல்சியஸ், காய்ச்சலுக்கு ஃபாரன்ஹீட்.

அடிக்காகவும் கொஞ்சம் வாதாடிப் பார்ப்போம். ஓர் அடிக்கு 12 அங்குலம். 12-ஐ இரண்டாகவும் மூன்றாகவும் நான்காகவும் மிச்சமின்றிப் பங்கிடலாம். பத்தை மூன்றாகப் பங்கிட்டால் 3.333 என்று இழுத்துக்கொண்டே போகும். கொத்தனாரும் தச்சரும் அடியை விடாததில் நியாயம் உண்டு. சென்ட்டின் கதை இன்னும் வேடிக்கையானது. 17-ஆம் நூற்றாண்டில் எட்மண்ட் குண்டர் என்ற ஆங்கிலேயர் 66 அடிச் சங்கிலி ஒன்றை வகுத்து, அதை 100 கண்ணிகளாகப் பிரித்தார். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். அதில் நூற்றில் ஒரு பங்கே நமது சென்ட், அதாவது ஆயிரம் சதுரக் கண்ணி. அடிக்கணக்கின் தொல்லை பொறுக்காமல் ஆங்கிலேயரே பத்தை உள்ளே நுழைத்துவிட்டார்!

அப்படியானால் மெட்ரிக்கின் பெருமை எங்கே? அதைத் தென்பெண்ணையில் பார்க்கலாம். திருக்கோவிலூருக்கு மேலே இந்த ஆற்றில் சாத்தனூர் அணை இருக்கிறது. மெட்ரிக் முறை நடைமுறைக்கு வந்த அதே 1958-ல் கட்டி முடிக்கப்பட்டது. ஆயினும் அதன் நீர்மட்டத்தை இன்றும் அடியில்தான் சொல்கிறோம்: முழு மட்டம் 119 அடி. திறந்துவிடும் நீர் விநாடிக்கு இத்தனை கன அடி. மழை மட்டும் சென்டிமீட்டரில்!

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது, தென்பெண்ணைப் படுகையிலுள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் வெளியேறியது. கரையோர மக்கள் செய்தியில் கேட்டது இந்த எண்ணைத்தான். அதைக் கேட்டு எத்தனை பேருக்கு ஆற்றின் உருவம் மனத்தில் வந்திருக்கும்?

மீட்டருக்கு மாற்றுவோம். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். எனவே விநாடிக்கு ஏறத்தாழ 4,750 கன மீட்டர். ஒரு கன மீட்டர் நீரின் எடை ஒரு டன். ஆகவே ஒவ்வொரு விநாடியும் 4,750 டன் நீர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகளில் ஏற்றினால், கண் சிமிட்டும் நேரத்துக்கெல்லாம் நானூறு லாரி!

மழையையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு சதுர கிலோமீட்டர் என்பது பத்து லட்சம் சதுர மீட்டர். அதன்மீது அரை மீட்டர் நீர் நின்றால் ஐந்து லட்சம் கன மீட்டர், ஐந்து லட்சம் டன். பென்சில்கூட வேண்டாம். அதே கணக்கை அடியில் செய்யப் புகுந்தால், 1.64 அடியை 1,07,63,910 சதுர அடியால் பெருக்க வேண்டும். பிறகு எடைக்கு ஒரு கன அடிக்கு 62.4 பவுண்டு என்று இன்னொரு பெருக்கல். நீளம், கொள்ளளவு, எடை மூன்றையும் நீரே ஒன்றாகக் கட்டி வைத்திருப்பதுதான் மெட்ரிக் முறையின் அழகு. அடி தனியாக இருக்கும்வரை நல்ல பிள்ளை. கனமும் எடையும் சேர்ந்தால் முரண்டு பிடிக்கும்.

அணைக் கணக்கை ஒரே நாளில் மாற்றிவிடலாமா என்றால், எனக்குத் தயக்கம்தான். பல ஆண்டுப் பதிவுகள் அடியில் இருக்கின்றன. மாறும் வேளையில்தான் தவறு நுழையும். 1983 ஜூலை 23 அன்று, கனடா மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில், அந்நாட்டுப் பயணிகள் விமானம் ஒன்று 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து நின்றது. தேவைப்பட்டது 22,300 கிலோகிராம். கணக்குப் பிழையால் விமானத்தில் இருந்தது 22,300 பவுண்டு, பாதிக்கும் குறைவு! விமானி அதை மிதக்கவிட்டே கிம்லி என்ற பழைய விமானத்தளத்தில் இறக்கினார், அனைவரும் பிழைத்தனர். பொறியாளர் பதிவேட்டில் கன அடி இருக்கட்டும். மக்களுக்கான அறிவிப்பில் பக்கத்திலேயே கன மீட்டரையும் சொன்னால் போதும் என்பது என் கட்சி.

பட்டா கொண்டுவந்த மாணவர் மறுவாரம் மலர்ந்த முகத்தோடு வந்தார். "அப்பாகிட்ட சொல்லிட்டேன் சார். அப்போ 4,050-லே 4,047 போக மூணு சதுர மீட்டர் கூடுதலா இருக்கே, அது என்னன்னு கேக்கறார்."

கயிற்றுக் கட்டில் ஒன்று போடலாம் என்று சொல்லி அனுப்பினேன்.