மலைப்பள்ளி ஆசிரியருக்கு எம்.எட். எதற்கு?

பணியில் இருந்தபடியே உயர்கல்வி முடிக்கும் ஆசிரியர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் வழங்கிவந்த ஊக்க ஊதிய உயர்வைத் தமிழ்நாடு அரசு 2020 மார்ச் 10 அன்று நிறுத்தியது. ஆசிரியர் சங்கங்கள் கொதித்தெழுந்தன. துறையின் முன் அனுமதி பெற்று, கைக்காசைப் போட்டுப் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய இழப்பு. அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் இரு தரப்பிலிருந்தும் வந்த வாதங்களில் பெரும்பாலானவை பணத்தைப் பற்றியவை. எம்.எட். முடித்த ஆசிரியர் திரும்பவும் வகுப்புக்குள் நுழைந்தபோது அங்கே என்ன மாறியது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

அந்தக் கேள்வியை ஜவ்வாது மலையில் வைத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் மலை இது. சாமை விதைத்தும் புளி, தேன், பலா எடுத்தும் வாழும் மலையாளி பழங்குடி மக்களின் ஊர்கள். விளைச்சல் கைகொடுக்காத காலத்தில் வேலை தேடிக் கீழே இறங்கிப்போகிற குடும்பங்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லிச் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் இந்த மலையின் ஆண்களும் இருந்தார்கள். அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள்தான் இங்குள்ள ஒன்றியப் பள்ளிகளிலும், ‘ஜி.டி.ஆர். பள்ளி’ என்று எல்லோரும் சொல்லும் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பாடம் சொல்ல வருபவர்களில் பலர் போளூர், செங்கம், திருப்பத்தூர் பக்கத்துச் சமவெளிக்காரர்கள்.

மலைப்பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில் இருப்பது சாதாரணம். ஆசிரியர் பயிற்சிப் பட்டயமோ பி.எட்.டோ படித்தபோது அங்கே கற்பிக்கும் ஆசிரியர் எழுதிய பாடக்குறிப்புகள் எல்லாம் ஒரு வகுப்பு, ஒரு பாடம், 45 நிமிடம் என்ற கணக்கில் எழுதியவை. இங்கே வந்த முதல் நாளிலேயே அந்தக் கணக்கு உடைந்துபோகிறது. அதன்பின் கையில் இருப்பது, தான் சிறுவயதில் வகுப்பில் உட்கார்ந்து பார்த்த ஆசிரியர்களின் நினைவு மட்டுமே.

அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975-இல் ‘ஸ்கூல் டீச்சர்’ என்ற நூலில் எழுதியது இதைத்தான். வேறெந்தத் தொழிலுக்கும் இல்லாத ஒரு விசித்திரம் ஆசிரியத் தொழிலுக்கு உண்டு. அதில் சேருகிறவர், சேருவதற்கு முன்பே பல ஆயிரம் மணி நேரம் அந்தத் தொழில் நடப்பதை எதிரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். ஆசிரியர் செய்வது கண்ணுக்குத் தெரியும், ஏன் செய்கிறார் என்பது தெரியாது. பயிற்சிக் கல்லூரியின் ஓரிரு ஆண்டுகள் அந்தப் பழக்கத்தை அசைப்பதில்லை. நெருக்கடி வந்ததும் ஆசிரியர் தன் பழைய ஆசிரியரைப் போலவே பேசுகிறார், அவரைப் போலவே அதட்டுகிறார்.

இதை அசைக்க ஒரே வழி, அந்த ஆசிரியரை மறுபடியும் மாணவராக்குவது. ஆனால் முன்பு இருந்த விதமான மாணவராக இல்லை. அவருடைய கேள்வியிலிருந்து படிப்பு தொடங்க வேண்டும், அவருடைய வகுப்பறை அந்தப் படிப்பின் ஆய்வுக்களமாக வேண்டும். கற்பவரை மையமாகக் கொண்ட மேற்படிப்பு என்று நான் சொல்வது இதுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் தெருவோரம் தேங்காயும் பிற பொருள்களும் விற்ற சிறுவர், சிறுமியர் ஐந்து பேரிடம் டெரெசினா கராகர், டேவிட் கராகர், அனாலூசியா ஷ்லீமன் ஆகிய மூவர் வாடிக்கையாளர்போல் பேச்சுக் கொடுத்து விலைக் கணக்குக் கேட்டார்கள். 98 விழுக்காடு விடைகள் சரி. பிறகு அதே கணக்குகளைத் தாளில் எண்களாக மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். சரியான விடைகள் 37 விழுக்காட்டுக்கு இறங்கின. 1985-இல் இந்த ஆய்வு வெளிவந்தது. அதில் 12 வயதுப் பிள்ளை ஒன்று. 35 குருசேரோ விலையுள்ள தேங்காய் பத்து வேண்டும் என்றதும், மூன்று காய்க்கு 105, இன்னும் மூன்றுக்குச் சேர்த்து 210, மறுபடி மூன்றுக்கு 315, கடைசி ஒன்றுக்கு 350 என்று ஏறிப்போகிறது. பத்தால் பெருக்கினால் ஒரு சுழி போடு என்ற பள்ளி விதி அந்தத் தலையில் இல்லை. விடையோ சரியாக இருக்கிறது.

இந்த ஆய்வை ஓர் ஆசிரியர் இரண்டு விதமாகப் படிக்கலாம். ஆய்வாளர் பெயர், ஆண்டு, முடிவுகள் என்று மனப்பாடம் செய்து தேர்வில் பத்து மதிப்பெண் வாங்கலாம். அல்லது, ‘உன் வகுப்பில் இதைச் செய்து பார்த்துவிட்டு வா’ என்று பேராசிரியர் சொல்ல, ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேரை அழைத்து, கொட்டை எடுத்த புளி கிலோ இன்ன விலை என்றால் இரண்டரைக் கிலோவுக்கு எவ்வளவு என்று வாய்க்கணக்காகக் கேட்கலாம். பிள்ளை எந்த வழியில் போகிறது, எங்கே பாதியாக்குகிறது, எங்கே கூட்டுகிறது என்று ஒவ்வொன்றையும் குறிப்பெடுக்கலாம். அதன்பின் அதே கணக்கைப் பலகையில் எழுதிப் பார்க்கலாம். முதல் விதத்தில் படித்தவருக்குப் பட்டம் கிடைக்கும். இரண்டாம் விதத்தில் படித்தவர் ‘இந்தப் பிள்ளைக்குக் கணக்கே வராது’ என்று இனி ஒருநாளும் சொல்ல மாட்டார். பலகையில் வகுத்தல் எழுதுவதற்கு முன், நீ எப்படிக் கணக்குப் போட்டாய் என்று பிள்ளையைக் கேட்பார். வகுப்பறை மாறுவது என்பது நடைமுறையில் இந்த ஒரு கேள்வி அங்கே குடியேறுவதுதான்.

இப்போதைய நிலையைப் பாருங்கள். எம்.எட். ஆய்வேடுகளில் அடிக்கடி காண்பது, இன்ன மாவட்டத்து மேல்நிலை மாணவர்களின் அடைவூக்கத்துக்கும் கல்வி அடைவுக்கும் உள்ள தொடர்பு என்பது போன்ற தலைப்பு. வினாத்தாள் அச்சடிப்பது, சில நூறு மாணவர்களிடம் கொடுத்து வாங்குவது, ஆண் பெண், நகரம் கிராமம், அரசு தனியார் என்று பிரித்து வேறுபாடு உண்டா இல்லையா என்று பார்ப்பது. பதினைந்து ஆண்டு வகுப்பறையில் நின்ற ஆசிரியர், தன் பள்ளிப் பக்கமே திரும்பாமல் ஓர் ஆய்வை முடித்துக் கெட்டி அட்டை போட்டுக் கொடுத்துவிட முடிகிறது. இதற்கு அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவரிடம் யாரும் வேறு எதையும் கேட்கவில்லை.

வேறு விதமாகக் கேட்டவர்கள் இந்தியாவிலேயே உண்டு. 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டத்தில், ஆசிரியர்கள் கோடை விடுமுறையில் வந்து, பிள்ளைகள் செய்யவேண்டிய சோதனைகளைத் தாங்களே செய்து பார்த்தார்கள். விடை சரியாக வரவில்லை என்றால் ஏன் என்று விவாதித்தார்கள். பல்கலைக்கழக விஞ்ஞானிகள் அவர்களோடு உட்கார்ந்தார்கள். 2002-இல் மாநில அரசு அந்தத் திட்டத்தை மூடியது. ஆனால் அதிலிருந்து வளர்ந்த ஏகலவ்யா அமைப்பும், திகந்தர், வித்யா பவன், ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் போன்றவையும் கைகோத்ததில், மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் 2006-இல் தொடக்கக் கல்விக்கான எம்.ஏ. படிப்பு ஒன்று பிறந்தது. வேலையில் இருப்பவர்களுக்கென்றே அமைத்த படிப்பு. சில வாரம் வளாகத்தில், மற்ற மாதங்களில் தங்கள் ஊரிலும் பள்ளியிலும் இருந்தபடி வாசிப்பும் களவேலையும்.

அந்தப் படிப்பை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் பத்மா சாரங்கபாணி. மத்திய இந்தியாவின் பைகா பழங்குடி மக்களின் அறிவைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவருவது பற்றி 2003-இல் அவர் எழுதிய கட்டுரையை மலைப்பள்ளி ஆசிரியர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. பச்சிலை பற்றிய அறிவை ஒரு பாடமாக்கிப் புத்தகத்தில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று அவர் எண்ணவில்லை. அந்த அறிவு யாரிடமிருந்து யாருக்கு, எந்த மரியாதையோடு, எந்தக் கட்டுப்பாட்டோடு போகிறது என்பதும் அறிவின் பகுதி என்று பார்க்கிறார். ஜவ்வாது மலைப் பிள்ளையின் பாட்டிக்குத் தெரிந்ததை வகுப்பில் கேட்கப்போகும் ஆசிரியருக்கு இந்த எச்சரிக்கை தேவை.

நம் மாநிலத்துக்கும் இதில் ஒரு பழைய பாடம் இருக்கிறது. 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியில் பத்மநாப ராவும் ரமாவும் ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டைகளும் கற்றல் ஏணியும்தான் மூலம். நம் ஆசிரியர்கள் அங்கே போய்ப் பார்த்தார்கள், திரும்பி வந்து தமிழுக்கான அட்டைகளைத் தாங்களே உட்கார்ந்து எழுதினார்கள். எது முதலில், எது பிறகு, எந்த எழுத்தில் பிள்ளை தடுமாறும் என்று மாதக்கணக்கில் சண்டை போட்டார்கள். உண்மையில் அது ஒரு முதுகலைப் படிப்பு, பட்டம்தான் கொடுக்கவில்லை. 2007-08-இல் திட்டம் மாநிலம் முழுவதும் போனபோது, அட்டைகள் அச்சாகிப் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தன. அவற்றை எழுதியவர்கள் அடைந்த தெளிவு மட்டும் கூடவே வரவில்லை. சில நாள் பயிற்சியில் அது வராது. பல பள்ளிகளில் அட்டை எடுத்துக்கொடுப்பது ஒரு சடங்காகிப்போனதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கச் சொல்கிறது. பல வகுப்பு ஓர் அறையில் இருக்கும் மலைப்பள்ளிக்கு நன்றாகப் பொருந்தும் யோசனை. ஆனால் பிள்ளை ஏன் அரும்பிலேயே நிற்கிறது என்று ஆராயத் தெரிந்த ஆசிரியர் இருந்தால்தான் அது பொருந்தும்.

இப்படி ஒரு மேற்படிப்புக்குப் புதிதாக நிறுவனம் எதையும் கட்ட வேண்டியதில்லை. திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் கீழ்பென்னாத்தூரில் ஆசிரியர் கல்வி பயிற்சி நிறுவனம் இருக்கிறது. வட்டார வள மையமும் குறுவள மையக் கூட்டங்களும் இருக்கின்றன. 2008-இல் தொடங்கிய தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. மூன்றையும் இணைத்து, மலைப்பள்ளி ஆசிரியர் தன் பள்ளியை விட்டு விலகாமலே இரண்டு மூன்று ஆண்டில் முடிக்கும் ஓர் எம்.எட். அமைக்க முடியும். கோடையில் வளாகம், ஆண்டு முழுவதும் வகுப்பறை ஆய்வு, மாதம் ஒருமுறை குறுவள மையத்தில் அந்த ஆய்வைச் சக ஆசிரியர்கள் முன் வைத்துப் பேசுதல். நிறுத்திய ஊக்க ஊதியத்தை இப்படிப் படிப்பவர்களுக்காவது திரும்பக் கொடுப்பது நேர்மையான காரியம்.

ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. பணிமாறுதல் கலந்தாய்வு. மலையில் மூன்று ஆண்டு நின்று, பிள்ளைகளின் பேச்சையும் வழக்கத்தையும் அறிந்து, அதை வைத்தே ஆய்வு செய்து முடித்த ஆசிரியர் அடுத்த கலந்தாய்வில் சமவெளிக்கு இறங்கிவிட்டால், மலைக்கு என்ன மிச்சம்? குழந்தைகளின் படிப்பு, வயதான பெற்றோர் என்று அவருக்கும் காரணங்கள் உண்டு. தடுத்து வைப்பது அநியாயம். இதற்கு நான் அறிந்த நல்ல விடை நீலகிரியின் கூடலூரில் இருக்கிறது. அங்கே ராமா சாஸ்திரியும் பி. ராம்தாஸும் நடத்திய வித்யோதயா பள்ளி, ஆதிவாசி இளைஞர்களையே ஆசிரியர்களாகப் பயிற்றுவித்தது. ஜவ்வாது மலையிலும் கல்லூரி முடித்த மலையாளி இளைஞர்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். 2024-இல் இந்த மலையின் புலியூர் கிராமத்து இளம்பெண் ஒருவர் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றதைத் தமிழ்நாடே கொண்டாடியது. அந்தத் தலைமுறைக்கு ஆசிரியர் மேற்படிப்பில் முன்னுரிமை கொடுத்தால், படித்த படிப்பு மலையிலேயே தங்கும்.

ஆராய்ச்சி இந்த மலைக்குப் புதிய விஷயமும் இல்லை. இருண்ட, தெளிந்த வானத்துக்காக 1960-களில் வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த காவலூரில், 1986-இல் 2.3 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டது. 1988-இல் ஆர். ராஜமோகன் அங்கிருந்து கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர் சூட்டப்பட்டது. வானத்தைப் படிக்க இவ்வளவு பொறுமையும் பணமும் செலவிட்ட நாடு, அதே மலையின் நான்காம் வகுப்புப் பிள்ளை எப்படி வகுக்கிறது என்று படிக்கவும் கொஞ்சம் செலவிடலாம்.

கடைசியாக ஒரு யோசனை, கல்வியியல் பல்கலைக்கழகத்துக்கு. மலைப்பள்ளி ஆசிரியரின் எம்.எட். வாய்மொழித் தேர்வைக் கல்லூரி அறையில் நடத்த வேண்டாம். அவர் ஆய்வு செய்த பள்ளியிலேயே நடத்துங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். அவர்களையும் தேர்வாளர் பக்கத்தில் உட்கார வையுங்கள். எங்கள் பிள்ளைகளைப் பற்றி இரண்டு ஆண்டில் என்ன கண்டுபிடித்தீர்கள், இனி எதை மாற்றப் போகிறீர்கள் என்று அவர்கள் கேட்கட்டும். ஆசிரியர் அவர்களுக்குப் புரியும் தமிழில் பதில் சொல்லட்டும். மதிப்பெண்ணில் ஒரு பங்கு அந்தப் பதிலுக்கு.