அபாயச் சங்கிலியும் அவசரக் கதவும்

பாலக்காட்டிலிருந்து வாளையாறு வழியே கோயம்புத்தூருக்கு நாள்தோறும் ரயிலில் சென்று வருவோருள் சித்தூர், கஞ்சிக்கோடு பகுதிகளில் வாழும் தமிழரும் உளர். இடுக்கி மாவட்டத்தில் இருப்புப்பாதையே இல்லை. அங்குள்ள தோட்டத் தொழிலாளர் மலையிறங்கி வந்தால், 2023 ஜூன் முதல் போடிநாயக்கனூரில் மீண்டும் வண்டி ஏறலாம். இவர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு: ஆபத்து நேரும்போது வண்டியை நிறுத்துவது வேறு, வண்டியைவிட்டு இறங்குவது வேறு.

வண்டியின் நீளம் முழுவதும் ஒரு குழாய் செல்கிறது. அதில் அழுத்தி நிரப்பப்பட்ட காற்று இருக்கும்வரை தடைக்கட்டைகள் சக்கரங்களைப் பற்றுவதில்லை. அபாயச் சங்கிலியை இழுத்தால் ஒரு வால்வு திறந்து காற்று வெளியேறும், தடைகள் இறுகும். ஆயினும் விரைந்து செல்லும் வண்டி அக்கணமே நில்லாது. சிறிது தூரம் ஓடியே நிற்கும். அந்த இடைவேளையில் குதிப்பது உயிருக்கு ஆபத்து.

2023 ஏப்ரல் 2 இரவு, கோழிக்கோட்டை அடுத்த எலத்தூரில், ஆலப்புழை–கண்ணூர் விரைவு வண்டியில் ஒருவன் பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தான். சங்கிலி இழுக்கப்பட்டு வண்டி கோரப்புழைப் பாலத்தில் நின்றது. குழந்தை ஒன்று உட்பட மூவர் பின்னர்ப் பாதையோரம் பிணமாகக் கிடந்தனர். தீக்கு அஞ்சி வெளியே பாய்ந்தவர்கள் என்று கருதப்பட்டது. 2025 ஜனவரி 22 அன்று மராட்டிய மாநிலம் ஜள்காவ் மாவட்டத்தில், தீப்பற்றியதென்ற வதந்தியால் புஷ்பக் விரைவு வண்டி நிறுத்தப்பட்டது. பக்கத்துப் பாதையில் இறங்கியவர்கள்மீது எதிரே வந்த வண்டி மோதியதில் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

ஆதலால் பெட்டியில் தீயோ புகையோ கண்டால், இணைப்பு வழியாக முதலில் அடுத்த பெட்டிக்குச் செல்க. இறங்கியே தீரவேண்டுமாயின், வண்டி முற்றிலும் நின்றபின், அடுத்த பாதை இல்லாத பக்கமாக, கீழே தரை உண்டா என்று பார்த்து இறங்குக. வாளையாற்றுக் காட்டில் யானைகளும் பாதையைக் கடப்பதுண்டு என்பதை மறவாதீர்கள்.

வந்தே பாரத் போன்ற புதிய வண்டிகளில் கதவுகள் தாமே மூடிக்கொள்ளும். அவற்றில் ஓட்டுநருடன் பேசுவதற்குக் கருவி உண்டு. கதவருகே உள்ள அவசரக் கைப்பிடி பூட்டை விடுவிப்பதற்கானது. அதையும் வண்டி நின்றபின்னரே தொடவேண்டும். பழைய படுக்கைப் பெட்டிகளில் அவசரச் சன்னலின் கம்பிகளை உயர்த்தி வெளியேறலாம்.

தக்க காரணமின்றிச் சங்கிலியை இழுப்போருக்கு, 1989 ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 141 ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தக்க காரணம் இருப்பின் தயங்க வேண்டுவதில்லை. உதவிக்கு 139 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

வேற்று மாநிலத்தில் அறிவிப்புப் பலகை நாம் அறியாத எழுத்தில் இருக்கக்கூடும். எனவே வண்டியில் அமர்ந்தவுடன் சங்கிலி எங்கே, அவசரச் சன்னல் எங்கே என்று கண்ணால் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். உடன் வரும் குழந்தைகளுக்கும் காட்டுங்கள்.