புழு தேறிய கதை

‘வானம் பார்த்த பூமி, ஒண்ணும் விளையாது, அதான் பட்டாசு’ என்று சிவகாசியைப் பற்றிச் சொல்லும் கதையாடலில் எங்கள் கரிசல் பருத்தி காணாமல் போகிறது. மானாவாரியில் நின்ற கருங்கண்ணி பழைய உலக இனம், 26 குரோமோசோம். 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வந்த ‘கம்போடியா’, பெயர் எப்படியிருந்தாலும், அமெரிக்க இனம், 52.

அமெரிக்க இனத்துக்குள்தான் மண் பாக்டீரியத்தின் நச்சு மரபணுவை வைத்தார்கள். 2002இல் பி.டி. விதைக்கு இந்தியாவில் அனுமதி. ‘இனி மருந்தே அடிக்க வேண்டாம்’ என்றார்கள்.

பச்சைக் காய்ப்புழு துவரை, கொண்டைக்கடலை என்று கண்டதையும் தின்னும். நஞ்சு படாமல் அங்கே வளர்ந்த அந்துகள் பருத்திக்காட்டு அந்துகளோடு கூடும்போது எதிர்ப்புத்திறன் நீர்த்துப்போகிறது. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கோ பெரும்பாலும் பருத்தியே கதி. காடெல்லாம் பி.டி. ஆனபோது, தப்பிப் பிழைத்தவை தமக்குள்ளேயே கூடின. 2010இல் குஜராத்தில் முதல் நஞ்சு தோற்றது தெரியவந்தது. இரண்டு நஞ்சு வைத்த விதையும் பின்னால் தோற்றது. பரிணாமம் என்றால் லட்சம் வருஷக் கணக்கு என்று நினைக்கிறோம். இதற்குப் பத்து வெள்ளாமைகூட ஆகவில்லை.

ஓரத்தில் சாதாரணப் பருத்தியும் ஊன்றச் சொல்லித் தனிப் பொட்டலம் கொடுத்தார்கள்தான். அறிவியல்படி சரி. ஆனால் புழு தின்னட்டும் என்று எந்தச் சம்சாரி வட்டிக்கு வாங்கி உழுவான்?