துலா தந்த உரம்

உரும்பிராயின் செம்மண் தோட்டங்களில் அன்று விடியுமுன்பே இறைப்புத் தொடங்கிவிடும். துலாவில் ஏறியவர் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கிணற்றடியில் நிற்பவர் பட்டையைத் தாழ்த்தி, நிறைந்து எழுந்ததும் வாய்க்காலிற் கவிழ்ப்பார். புகையிலைக்கு நீர் பாய்ந்தது. இறைத்தவர் உடலுக்கு உரமும் ஏறிற்று. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அவ்வுழைப்பு ஒழிந்தது. ஆபத்தும் நிறைந்த வேலையாகையால் அது போனதில் வருத்தமில்லை. ஆயினும், பாரத்தை எதிர்த்து உழைக்கும் பயிற்சியும் உடன் போயிற்று.

நடை இதயத்துக்கு நன்று. தசைவலிமைக்கு அது மட்டும் போதாது. உணவால் இரத்தத்திற் சேரும் சர்க்கரையிற் பெரும்பங்கை ஏற்பது தசையே. அது மெலிந்தால் நீரிழிவும், முதுமையில் இடறி வீழ்தலும் எளிதில் நேரும். வாரத்தில் இரு நாளேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்திற்று.

முதியோருக்கு இது ஆகுமோ? 1990இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றிலே, முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, தொண்ணூறு வயதை அண்டிய பத்துப் பேர் கடும் பாரப் பயிற்சியில் இறங்கினர். தம்மால் ஒருமுறை தூக்கக்கூடிய உச்சப் பாரத்தில் 80 வீதம் வரை காலால் உயர்த்தினர். எட்டு வாரத்தை நிறைவுசெய்த ஒன்பதின்மரின் கால்வலிமை சராசரி 174 வீதம் கூடிற்று. இதயநோய் உள்ளவர் மருத்துவரைக் கேட்டே தொடங்கவேண்டும். மற்றையோர்க்கு நாற்காலியிலிருந்து கையூன்றாது பன்முறை எழுவதே முதற்படி. இறுதி இரண்டு மூன்று தடவை சிரமமாயிருத்தல் அவசியம்.