புல்லை முடிந்து வைத்த யாத்திரிகர்கள்

கேதாரநாதம் போய் வந்தவர் என்றால் நம் ஊர்களில் தனி மதிப்பு. சுமார் 11,700 அடி உயரத்தில், பனிமலைகளுக்கு நடுவே உள்ள தலம் அல்லவா! பணமும் தேக பலமும் கூடி வந்தவர்களுக்கே அந்தப் பாக்கியம். மற்றவர்கள் மனம் தளர வேண்டாம். ஜவ்வாது மலைக்குத் தென்கிழக்கே, திருவண்ணாமலை மாவட்டத்தில் பர்வதமலை இருக்கிறது. உயரம் 4,560 அடி என்பார்கள். உச்சியில் மல்லிகார்ஜுனரும் பிரமராம்பிகையும் கோயில் கொண்டிருக்கிறார்கள். ஸ்ரீசைலத்திலும் சுவாமிக்கும் அம்மனுக்கும் இவையே திருநாமங்கள்.

கடலாடியிலிருந்து ஒரு வழி. தென்மாதிமங்கலத்திலிருந்து மற்றொரு வழி. பௌர்ணமி தோறும் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் ஏறுகிறார்கள். கடைசிப் பகுதிதான் கடுமை. செங்குத்தான பாறையில் அடித்த இரும்புக் கம்பிகளையும் சங்கிலியையும் பற்றிக்கொண்டு ஏறவேண்டும்.

இந்த மலைக்கு ஒரு பழைய வழிகாட்டி நூல் உண்டு என்றால் வியப்பாக இருக்கும். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாந்தான் அது. 583 அடிகள். பாடியவர் பெருங்கௌசிகனார். செங்கண்மாவை, அதாவது இன்றைய செங்கத்தை, ஆண்ட நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிரே வரும் கூத்தனுக்கு வழி சொல்லுகிறான். அதில் வரும் நவிரமலையே பர்வதமலை என்று அறிஞர்கள் கூறுவர். அங்கே உறையும் சிவபெருமானையும் அந்தப் பாட்டு குறிப்பிடுகிறது.

கூத்தன் சொன்ன யோசனைகள்

எவ்வளவு அனுபவம் நிறைந்த யோசனைகள்! பாசி படிந்த பாறை காலை வழுக்கிவிடும். பக்கத்துச் சிறுமூங்கிலைப் பிடித்துக்கொண்டு நட. புனத்தில் மேயும் யானையை விரட்டக் கவண் கல் பறந்து வரும். மரத்தின் பின்னே ஒதுங்கு. தெய்வம் உறையும் இடத்தில் வணங்கிவிட்டுப் போ. வீணாக வாத்தியத்தைத் தொடாதே. குறவர் குடியில் உறவினர் போலத் தினைச் சோறு இடுவார்கள். ஜவ்வாது மலைவாசிகளான மலையாளிகள் இன்றும் தினையும் சாமையும் விளைவிக்கிறார்கள், தேன் எடுக்கிறார்கள். மலையாளி என்றதும் கேரளத்தார் என்று எண்ணவேண்டாம். இவர்கள் தமிழ் பேசும் பழங்குடியினர்.

எல்லாவற்றையும்விட மனத்தைத் தொடுவது வேறொன்று. பாதை பிரியும் இடத்தில், பின்னால் வருகிறவர்கள் திகைக்காமலிருக்கப் புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போகச் சொல்லுகிறான் கூத்தன். வருகிறவன் யாரோ, எவனோ! ஆனாலும் அவனுக்காக ஒரு கணம் குனிந்து புல்லை முடிய வேண்டும்.

நாம் விட்டுவிட்டுப் போவது என்ன? தண்ணீர் பாட்டில், தின்பண்டப் பை, கற்பூர உறை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. சட்டம் இருந்தும், மலைமேல் நம் கையைப் பிடிக்க ஆள் ஏது?

மலையில் எறிந்தது மலையோடு நின்றுவிடாது. ஜவ்வாது மலையில் பிறந்து இந்தப் பக்கமாக ஓடும் செய்யாறு, மலைபடுகடாம் பாடும் அதே சேயாறுதான். பர்வதமலையின் மழைநீரும் ஓடைகள் வழியே அதில்தான் சேருகிறது. சுவாமிக்கு அபிஷேகம் செய்து புண்ணியம் தேடுகிற நாம், அடிவாரத்து ஜனங்களின் தண்ணீரில் குப்பையைச் சேர்க்கலாமா?

அடுத்த பௌர்ணமிக்கு மலையேறுகிறவர்கள் ஒரு காலிப் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொள்ளட்டும். கொண்டுபோனதையெல்லாம் அதில் போட்டுக் கீழே கொண்டுவந்துவிட்டால், பின்னால் வருகிறவருக்கு நாமும் புல்லை முடிந்து வைத்தவர்களாவோம்.